கிளூக்கலின் நாட்காட்டி

யூதச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் செய்தே ஆகவேண்டிய கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு. மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. புத்தாண்டு அன்று ஆட்டுக்கொம்பு ஊதுவதைக் கேட்க வேண்டும், இலையுதிர்காலத்தில் வரும் கூடாரப் பண்டிகையின்போது ஓலைக்கூரை போட்ட கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஆண்களுக்கான கட்டளைகள். பெண் செய்தால் நல்லது, செய்யாவிட்டால் குற்றமில்லை. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பொது விதி இதுதான். ஏன் இந்த விலக்கு என்று பிற்காலத்தில் பலர் யோசித்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த டேவிட் அபுதர்ஹாம் சொன்ன காரணம் நமக்குச் சட்டென்று புரியும். மனைவி கணவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். ஒரே நேரத்தில் கடவுளும் கூப்பிட்டு, கணவனும் கூப்பிட்டால் அவள் யாரிடம் போவாள்? அந்தத் தர்மசங்கடம் வேண்டாம் என்று கடவுளே விட்டுக்கொடுத்துவிட்டாராம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. யூத வீட்டில் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் மறுநாளைக்கும் சேர்த்துச் சமையல் முடிந்திருக்க வேண்டும். பஸ்கா தொடங்குவதற்குள் வீட்டில் ஒரு துணுக்கு ரொட்டிகூட மிஞ்சியிருக்கக் கூடாது. யோம் கிப்பூர் நோன்புக்கு முன்னால் மெழுகுவர்த்திகள் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்தது? நேரத்திலிருந்து விலக்கு வாங்கிய அதே பொம்பளைதான். ஆண் நேரத்தைக் கடைப்பிடித்தான் என்றால், அந்த நேரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்.

இதற்கு ஆதாரம் தேடினால் சிக்கல்தான். சட்ட நூல், உரை, தீர்ப்பு என்று பெரும்பாலும் ஆண்கள் எழுதியதே நமக்குக் கிடைக்கிறது. பெண்ணின் கை எப்போதாவதுதான் தெரிகிறது. அப்படித் தெரிந்த கைகளில் ஒன்று, 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாழ்ந்த ஒரு வணிகரின் மனைவியுடையது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஹாமெலின் கிளூக்கல்’. அவர் காலத்தில் அவர் யூதா லைப் மகள் கிளிக்கல். வரலாற்றாசிரியர் நத்தாலி ஸீமோன் டேவிஸ் 1995இல் வெளியிட்ட ‘விமன் ஆன் த மார்ஜின்ஸ்’ நூலில்தான் நான் அவரை முதலில் சந்தித்தேன். பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பில் அவருடைய நினைவுக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். அதைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப ஒன்று கண்ணில் பட்டது. அவருடைய நினைவில் முக்கியமான சம்பவங்கள் பண்டிகைகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. பஞ்சாங்கம் அவர் நினைவின் முதுகெலும்பாக இருந்தது.

*

கிளூக்கல் 1646 வாக்கில் ஹாம்பர்க்கில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நடக்கும்போது நகரம் ஜெர்மன் யூதர்களை வெளியேற்றியது. பக்கத்திலேயே டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்த ஆல்டோனாவுக்கு அவர்கள் போனார்கள். பிழைப்பு ஹாம்பர்க்கில், இருப்பு ஆல்டோனாவில். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நகரத்துக்குள் போய் வியாபாரம் செய்துவிட்டு வரவேண்டும். வழியில் அடி உதை வாங்குவது சாதாரணம். வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வந்தாலே மனைவிமார் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள் என்று கிளூக்கல் எழுதுகிறார். 1657இல் சுவீடன் படை ஆல்டோனாவைத் தாக்கியபோது மீண்டும் ஹாம்பர்க்குக்கு ஓடிவந்தார்கள். அங்கே வாழ அனுமதி கிடைத்தாலும் வெளிப்படையாக வழிபட அனுமதி இல்லை. வீடுகளுக்குள் ஒளிந்து கூடினார்கள். பாதிரியார்களுக்குத் தெரிந்துவிட்டால் அதுவும் போச்சு.

12 வயதில் நிச்சயம். 14 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ஹாமெலின் ஊர்க்காரர், பெயர் ஹாயிம். கல்யாணத்துக்குப் போன பயணத்தை கிளூக்கல் நகைச்சுவையோடு சொல்கிறார். ஹனோவர் நகரிலிருந்து நல்ல வண்டிகள் காத்திருக்கும் என்று பெண்ணின் அம்மா எதிர்பார்த்திருந்தார். சம்பந்தி வீட்டார் அனுப்பியது குடியானவர்களின் கட்டை வண்டிகள். அம்மாவுக்கு வந்ததே கோபம்! சம்பந்தி உபசாரத்தில்தான் அது தணிந்தது.

கல்யாணம் முடிந்து பெற்றோர் திரும்பிப் போனார்கள். 14 வயசுப் பெண் முன்பின் தெரியாத வீட்டில் தனியாக நின்றார். ஹாம்பர்க்கில் உறவும் சுற்றமுமாக வளர்ந்தவருக்கு ஹாமெலினில் இருந்தவை இரண்டே யூதக் குடும்பங்கள். யூதக் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். இரண்டு குடும்பம் உள்ள ஊரில் வழிபாடும் பண்டிகையும் வீட்டின் நான்கு சுவர்களுக்குள்தான் நடந்தாக வேண்டும். அந்த வீட்டில் அவருக்கு ஆறுதலாக இருந்தது மாமனார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அடுத்த அறையில் உட்கார்ந்து வேதத்தை ராகம் போட்டுப் படிப்பாராம். அதைக் கேட்கும்போது ஹாம்பர்க்கையே மறந்துவிடுவேன் என்கிறார் கிளூக்கல். அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, தான் படிக்க வேண்டியிராத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மருமகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

பெண்ணுக்கு விலக்கு அளித்த அதே மரபு மூன்று கடமைகளை அவள் பெயரில் எழுதி வைத்தது. ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி நெருப்பில் போடுவது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுவது. மாதவிலக்கு நாட்களில் கணவனைத் தொடாமல் விலகியிருந்து, பிறகு முழுக்குப் போட்டுத் தூய்மையாவது. இந்த மூன்றிலும் கவனக்குறைவாக இருக்கும் பெண்கள் பிரசவத்தில் சாவார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. அந்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டிலேயே வாசிக்கப்படும் பகுதியாகவும் ஆனது.

இதை ஒரு பழைய மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் பிரசவம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெண் செத்துப்போவது அக்கம்பக்கத்தில் நடக்கிற காரியம். 15 வயதில் வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் வெள்ளிக்கிழமை மாலை அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். குளிர்காலத்தில் ஹாம்பர்க்கில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ரொட்டி வேக வேண்டும். மறுநாள் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சனிக்கிழமைச் சாப்பாட்டை இரவெல்லாம் சூட்டில் வைக்க வேண்டும். விளக்கேற்றக் கொஞ்சம் தாமதமானால்? மாவு கிள்ள மறந்துவிட்டால்? அவளுக்கு அது சடங்கில் விழுந்த சின்னப் பிசகு கிடையாது. உயிர்ப் பயம்.

மூன்றாவது கடமையில் இன்னொரு நாட்காட்டியே இருக்கிறது. விலக்கு நாட்களை எண்ண வேண்டும். அதன் பிறகு ஏழு தூய நாட்களை எண்ண வேண்டும். எட்டாம் நாள் தொடங்கும் இரவில் முழுக்கு. அந்த இரவு எந்தக் கிழமையில் விழுகிறது, பண்டிகை இரவா, நோன்பு இரவா என்று பார்க்க வேண்டும். கணவன் ஊரில் இருக்கிறானா என்பது அடுத்த கணக்கு. கிளூக்கலின் கணவர் தங்கம், முத்து, நகை வியாபாரி. லைப்ஸிக், ஃபிராங்க்ஃபர்ட் சந்தைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தவர். லைப்ஸிக்கின் இலையுதிர்காலச் சந்தை கிறிஸ்தவ நாட்காட்டியின்படி செப்டம்பர் கடைசியில், புனித மிக்கேல் திருநாளை ஒட்டி நடக்கும். யூதப் புத்தாண்டும் யோம் கிப்பூரும் கூடாரப் பண்டிகையும் வருவது ஏறக்குறைய அதே வாரங்களில்தான். ஆகவே நகை வியாபாரியின் வீட்டில் மனைவி மூன்று காலங்களை ஒரே தலைக்குள் வைத்திருந்தாள்: யூதப் பஞ்சாங்கம், கிறிஸ்தவச் சந்தைக் காலம், தன் உடம்பின் கணக்கு. இதோடு கிளூக்கல் வியாபாரத்தையும் பார்த்தார். கணவர் அவரைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார். கூட்டு வணிக ஒப்பந்தத்தைக்கூட அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார்.

முதல் பிரசவம் ஹாம்பர்க்கில், அம்மா வீட்டில். வேடிக்கை என்னவென்றால் அதே நேரத்தில் அம்மாவும் கர்ப்பம். மகளுக்கு முதலில் பெண் குழந்தை, எட்டு நாள் கழித்து அம்மாவுக்கும் பெண் குழந்தை. தாயும் மகளும் ஒரே சின்ன அறையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒரு நாள் இரவு குழந்தைகள் மாறிப்போய் வீடே அமளிதுமளிப்பட்டது. யார் பிள்ளை யாருடையது என்று சொல்ல சாலமன் ராஜாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்திருக்கும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார் கிளூக்கல்.

இன்னொரு பிரசவத்தில் மசக்கைக் கதை ஒன்று வருகிறது. கர்ப்பமாக இருந்தபோது கடைக்காரி ஒருத்தியிடம் மெட்லர் என்ற பழத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். வாங்காமலே வந்துவிட்டார். பிறந்த பிள்ளை உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகளோடு, பால்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தான். அப்போதுதான் அந்தப் பழம் ஞாபகத்துக்கு வந்தது. அலைந்து திரிந்து ஒரு பழத்தை வாங்கி வரச் சொல்லி, அதன் சதையைப் பிள்ளையின் வாயில் தடவினார்கள். பிள்ளை வாயைத் திறந்து சப்பிச் சாப்பிட்டது. புள்ளிகளும் கொஞ்ச நாளில் மறைந்தன. கர்ப்பிணிகள் ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் விடக்கூடாது என்று இளம் பெண்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்கிறார். நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் ஜெர்மன் யூதப் பெண்ணுக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று தலையாட்டுவார்கள்.

*

எனக்கு அந்தப் புத்தகத்தில் மறக்க முடியாத பகுதி ஒரு கூடாரப் பண்டிகை. 1660களின் நடுவில் ஹாம்பர்க்கில் கொள்ளைநோய் பரவியது. கிளூக்கலுக்கு 18 வயது இருக்கலாம். யோம் கிப்பூர் முடிந்த மறுநாள் குழந்தைகளையும் வேலைக்காரியையும் கூட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் மாமனார் ஊரான ஹாமெலினுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஹனோவர். அங்கே கணவரின் அண்ணன் வீடு. பண்டிகை தொடங்கப்போகிறது, இருந்துவிட்டுப் போங்கள் என்று சொந்தக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

பண்டிகைக் காலை. மூத்த மகள் ஸிப்போரா, நாலு வயது. அம்மா உடை மாட்டிவிடும்போது குழந்தை முகத்தைச் சுளிக்கிறாள். கேட்டால் அக்குளில் வலிக்கிறது என்கிறாள். பார்த்தால் ஒரு கட்டி. கணவருக்கும் சில நாட்களுக்கு முன் ஒரு புண் வந்து, ஊர் நாவிதர் மருந்துப்பட்டி போட்டுக் குணமாகியிருந்தது. அதே நாவிதரிடம் குழந்தையைக் கொண்டுபோக நினைத்தார் கிளூக்கல். கணவர் ஜெப ஆலயத்தில் இருந்தார். அவர் யார், வீடு எங்கே என்று ஐயாவிடம் கேட்டு வா என்று வேலைக்காரியை அனுப்பினார்.

ஆண்கள் பகுதிக்குப் போக வேண்டுமானால் பெண்கள் பகுதியைக் கடக்க வேண்டும். திரும்பி வரும்போது அங்கே உட்கார்ந்திருந்த நாத்தனாரும் ஓர்ப்படிகளும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். வேலைக்காரி கள்ளங்கபடம் இல்லாமல் சொல்லிவிட்டாள். ஹாம்பர்க்கிலிருந்து வந்தவர்கள், குழந்தையின் அக்குளில் கட்டி! அவ்வளவுதான். பக்கத்திலிருந்த வயதான போலந்துக்காரி ஒருத்தி நான் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள். பார்த்தாள். கொள்ளைநோய் என்றாள்.

அதன் பிறகு நடந்ததை ஒரு தாயின் இடத்தில் இருந்து படிக்க வேண்டும். கொள்ளைநோய் வந்திருக்கிறது என்று அரண்மனைக்குத் தெரிந்தால் அந்த ஊர் யூதர்கள் எல்லோருக்குமே ஆபத்து. ஆகவே உறவினர்கள் கூடி முடிவெடுத்தார்கள். வேலைக்காரிக்கும் குழந்தைக்கும் கந்தல் துணி உடுத்தி, நகருக்கு வெளியே ஒரு கிராமத்துக்கு அனுப்ப வேண்டும். பண்டிகையைக் கழிக்க ஊரில் இடம் கிடைக்காத ஏழை யூதர்கள் என்று சொல்லி ஒரு குடியானவர் வீட்டில் தங்க வேண்டும். கூலி பேசி அந்தக் கிழவியையும் ஒரு போலந்து யூதரையும் துணைக்கு அனுப்பினார்கள். தினமும் ஊரிலிருந்து சாப்பாடு போகும். கொண்டுபோனவர்கள் அதைப் புல்வெளியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். வேலைக்காரி வந்து எடுத்துக்கொள்வாள். பெற்றவர்கள் குழந்தையைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், தொடக்கூடாது. ஒரு மூலையில் கணவர் நின்று அழுதுகொண்டு ஜெபித்தார், இன்னொரு மூலையில் நான், என்று கிளூக்கல் எழுதுகிறார்.

கூடாரப் பண்டிகைக்கு வேதத்தில் சொல்லப்பட்ட கட்டளை என்ன தெரியுமா? மகிழ்ந்திரு. அந்த ஏழு நாட்களும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். வீடில்லாமல் பாலைவனத்தில் அலைந்த முன்னோரை நினைத்து, வசதியான வீட்டை விட்டு ஓலைக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த வருடம் அந்தக் குடும்பத்தில் நிஜமாகவே வீடில்லாமல் இருந்தது ஒரு நாலு வயதுக் குழந்தை. அவளைக் காப்பாற்றியதும் பண்டிகைதான் என்பதைக் கவனியுங்கள். பண்டிகை நாளில் ஏழையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற வழக்கம் இருந்ததால்தான், தங்க இடம் தேடும் ஏழைகள் என்ற அந்தப் பொய் எல்லோருக்கும் நம்பும்படியாக இருந்தது.

ஸிப்போரா பிழைத்துக்கொண்டாள். வயல்வெளியில் துள்ளி ஓடிக்கொண்டிருந்தாள். சில நாட்களில் ஊருக்குள் அழைத்து வந்தார்கள். பிற்காலத்தில் கிளேவ் நகரில் அவள் கல்யாணம் இளவரசர்கள் வந்து பார்க்கும் அளவுக்குப் பெரிதாக நடந்தது. ஆனால் கிளூக்கலின் எழுத்தில் அந்தக் கல்யாணத்தைவிட அக்குளில் வலிக்கிறது என்று சொன்ன அந்தக் காலைதான் என் மனதில் நிற்கிறது.

*

இந்தப் பெண் இதையெல்லாம் எந்த மொழியில் எழுதினார் என்பது நம்மைப் போன்ற வாசகர்களுக்கு முக்கியமான விஷயம். யூத ஆண்களின் படிப்பு மொழி ஹீப்ரு. வீட்டு மொழி யிட்டிஷ். யிட்டிஷில் அச்சிட்ட புத்தகங்களுக்குத் தனி எழுத்துருவே இருந்தது. அந்த எழுத்துருவுக்கு ஒட்டிக்கொண்ட பெயரிலேயே ‘பெண்களுக்கானது’ என்ற பொருள் இருக்கிறது. ‘பிராண்ட்ஷ்பீகல்’ என்ற ஒழுக்க நூலை எழுதியவர், இது பெண்களுக்கும், படிப்பில் பெண்களைப் போலவே இருக்கும் ஆண்களுக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். ஹீப்ரு தெரியாத ஆண்களுக்கு மானம் போகாமல் வாங்க ஒரு வழி!

இந்த ‘அடுப்படி மொழி’யில்தான் பெரிய வாசிப்பு உலகம் ஒன்று வளர்ந்தது. 1602இல் பாசல் நகரில் அச்சான ‘மாய்ஸே புக்’ என்ற கதைத் தொகுப்பு. சனிக்கிழமை மதியம் பெண்கள் கையில் இருந்த ‘ட்ஸேனே ரேனே’ என்ற வேதக் கதை விளக்கம். அதோடு த்கினே என்ற சிறு ஜெபங்கள். மாவு கிள்ளும்போது சொல்ல ஒன்று, விளக்கேற்றும்போது ஒன்று, முழுக்குக்குப் போகும்போது ஒன்று, பிரசவ வலிக்கு ஒன்று. ஜெப ஆலயத்து ஹீப்ரு ஜெபம் பெரும்பாலும் ‘நாங்கள்’ என்று பேசும். த்கினே ‘நான்’ என்று பேசும். பிரசவத்தில் செத்துப்போவாய் என்று சட்டம் மிரட்டிய அதே மூன்று கடமைகளை வைத்து, என்னைக் காப்பாற்று, என் பிள்ளைகளைக் காப்பாற்று என்று கடவுளிடம் நேராகக் கேட்கும் ஒரு குரலைப் பெண்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டார்கள்.

கிளூக்கலுக்கு அடுத்த நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் சாரா பாஸ் தோவிம் என்ற பெண்ணின் பெயரில் புகழ்பெற்ற த்கினே ஒன்று இருக்கிறது. அது யோம் கிப்பூர் மெழுகுவர்த்திக்கானது. பெண்கள் இடுகாட்டுக்குப் போய்க் கல்லறைகளை நூலால் அளப்பார்கள். அந்த நூலையே திரியாக்கி மெழுகுவர்த்தி செய்வார்கள். ஒவ்வொரு திரியையும் வைக்கும்போது ஆதாம், ஏவாள், நோவா என்று தொடங்கி முன்னோர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உயிரோடு இருப்பவர்களுக்காகப் பரிந்து பேசச் சொல்வார்கள். ஆண்கள் கூடிச் செய்யும் பெரிய வழிபாட்டின் வெளிச்சம் அங்கிருந்து வந்தது.

*

1665 கடைசியில் யூத உலகத்தையே ஒரு செய்தி உலுக்கியது. துருக்கியில் சப்பத்தாய் செவி என்பவர் தன்னை மீட்பராக அறிவித்துக்கொண்டார். ஹாம்பர்க்கில் போர்த்துக்கீசிய யூத இளைஞர்கள் பச்சைப் பட்டு நாடா கட்டிக்கொண்டு மேளதாளத்தோடு ஆடினார்கள். சிலர் வீடு வாசலை விற்றார்கள். கிளூக்கலின் மாமனார் ஹாம்பர்க்குக்கு இரண்டு பெரிய பீப்பாய்களை அனுப்பிவைத்தார். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, பழவகை என்று கெட்டுப்போகாத சாப்பாடு. புனித பூமிக்குக் கப்பல் ஏறத் தயாராக இருக்க வேண்டுமல்லவா?

மீட்பர் பஞ்சாங்கத்திலும் கைவைத்தார். ஆலயம் இடிந்ததை நினைத்து அழும் நோன்பு நாளைக் கொண்டாட்ட நாளாக மாற்றினார். அது அவர் பிறந்தநாள் என்றும் சொன்னார்கள். ஆனால் 1666 செப்டம்பரில் சுல்தான் முன்னால் நிறுத்தப்பட்டபோது அவர் இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். பீப்பாய்கள் ஹாம்பர்க் வீட்டில் அப்படியே கிடந்தன. ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு, சாப்பாடு கெட்டு அந்த நாற்றத்தில் மற்றதும் வீணாகிவிடப் போகிறது என்று பயந்து மாமனார் அதைத் திறக்கச் சொல்லி எழுதினார். துணிப் பீப்பாய் இன்னும் சில காலம் காத்திருந்தது.

இறையியலாளர்கள் இந்த ஏமாற்றத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். கிளூக்கல் அதைப் பிரசவத்தோடு ஒப்பிட்டார். வலியெடுத்துப் பிரசவ நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாப் பாடும் பட்ட பிறகு பிள்ளை வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது என்பது அவர் சொன்ன உவமை. 20 வயதில் பீப்பாய்களைத் தன் வீட்டில் வைத்துக் காத்த பெண்ணுக்குத்தான் இப்படி எழுத வரும். ஒரு மதத்தின் மாபெரும் நம்பிக்கை, அவருக்கு, கெட்டுப்போகுமா என்று மோந்து பார்க்க வேண்டிய பட்டாணி.

*

இதை வைத்து அந்த வாழ்க்கையை நான் அழகாக்கிவிடக் கூடாது. 1689 ஜனவரியில் ஹாயிம் தெருவில் ஒரு கல்லின் மேல் விழுந்து உள்காயம்பட்டார். சாகும் தறுவாயில் இருந்தார். அணைத்துக்கொள்ளட்டுமா என்று கிளூக்கல் கேட்டார். அப்போது அவருக்கு விலக்கு நாட்கள். வேண்டாம், முழுக்குக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்றார் கணவர். அந்த நாள் வருவதற்குள் அவர் இறந்துபோனார். ஏறக்குறைய முப்பது வருடம் நாட்களைத் தவறாமல் எண்ணி வந்த பெண்ணுக்கு அந்த எண்ணிக்கை கடைசியில் கொடுத்தது இதுதான். புத்தகத்தில் இந்த இடத்தில் அவர் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறார். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போக நேரம் பிடித்தது.

தூக்கம் வராத இரவுகளில் துக்கத்தை விரட்ட, 1691இல் எழுத ஆரம்பித்தார். பெற்றது 14 பிள்ளைகள், வளர்ந்து ஆளானவர்கள் 12. அவர்களுக்காக எழுதுவதாகச் சொன்னார். 1700இல் மெட்ஸ் நகரின் ஹிர்ஷ் லெவி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவர் திவாலாகி, கிளூக்கலின் பணத்தையும் சேர்த்து இழந்தார். எழுத்து 1719 வரை போனது.

பிள்ளைகளின் குடும்பங்களில் கையெழுத்துப் பிரதியாக இருந்ததை 1896இல் டேவிட் காஃப்மன் அச்சிட்டார். 1910இல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் கிளூக்கலின் குடும்ப வழியில் வந்த பெர்த்தா பாப்பன்ஹைம். உளவியல் படித்தவர்களுக்கு இவரை வேறு பெயரில் தெரியும். ப்ராய்டும் ப்ரோயரும் எழுதிய நூலில் வரும் ‘அன்னா ஓ’ இவர்தான். நோயாளியாக ஆண்கள் எழுதிவைத்த அந்தப் பெண் 1904இல் ஜெர்மன் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். கிளூக்கலைப் போல உடையணிந்து ஓவியத்துக்கு அமர்ந்தார். ‘மாய்ஸே புக்’கையும் ‘ட்ஸேனே ரேனே’யின் ஒரு பகுதியையும் அவரே மொழிபெயர்த்தார். தன்னை எழுதிக்கொண்ட ஒரு மூத்தவளை அவர் தேடிப்போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கிளூக்கலின் நூலின் கடைசிப் பகுதி பெண்களின் இரண்டு இடங்களைக் காட்டுகிறது. ஒன்று மெட்ஸ் ஜெப ஆலயத்தில் மேல்தளத்துப் பெண்கள் பகுதி. 1715இல் வாரங்களின் பண்டிகையன்று ஏதோ சத்தம் கேட்டுக் கட்டடம் இடிகிறது என்ற பீதி பரவியது. பெண்கள் படிக்கட்டில் முட்டி மோதி விழுந்தார்கள். மிதிபட்டுச் சிலர் செத்தார்கள். கர்ப்பிணியாக இருந்த கிளூக்கலின் மகள் எஸ்தரும் அந்த நெரிசலில் மாட்டி மீண்டார். கட்டடம் இடியவே இல்லை.

இன்னொரு இடம் மோசெல் ஆற்றங்கரை. 1719, நிசான் மாதம். பஸ்கா வரும் மாதம் அது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் கரையில் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். நிமிர்ந்து பார்த்தால் வானம் திறந்து பொறிகள் பறந்தன. பிறகு திரையை இழுத்து மூடியது போல வானம் மூடிக்கொண்டது. இது நல்லதற்காக இருக்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு கிளூக்கல் எழுத்தை நிறுத்திவிட்டார்.

அந்தப் பெண் யார், என்ன பாத்திரம், பத்து மணி வரை ஏன் கழுவிக்கொண்டிருந்தாள் என்று அவர் சொல்லவில்லை. நிசான் மாதத்தில் ஒரு யூத வீட்டில் எத்தனை பாத்திரம் சேரும் என்பது அவருடைய வாசகர்களுக்குத் தெரியும்.

கிளூக்கல் 1724 செப்டம்பர் 19 அன்று மெட்ஸில் இறந்தார். அன்று ரோஷ் ஹஷானா, யூதப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.